படிக்க முடியாத மாற்றம்: பெரிய கையேடுகளை கிட்டுக்குள் எப்படி வைப்பது?



இந்த எபிசோட்ல டாக்குமென்டேஷன் பற்றிப் பேசினோம். ஆனா அதுல ஒரு விஷயத்தை ஒலியில காட்ட முடியாது: டிஃப். எந்த வரி போச்சு, எந்த வரி வந்துச்சுன்னு சிவப்பிலயும் பச்சையிலயும் கண்ணால பார்த்தாத்தான் புரியும். அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்க எழுத்தில் தர்றேன்.

கேள்வி இதுதான். 300, 400 பக்கத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு மென்பொருள் கையேட்டை கிட் ரெப்போவுக்குள்ள எப்படி ஒழுங்கா வைக்கிறது? பெரும்பாலானவங்க இதை அளவுப் பிரச்சினையா பார்க்கிறாங்க. ஃபைல் பெருசு, க்ளோன் ஆக நேரமாகுது, இடம் போதலை. அதுவும் உண்மைதான். ஆனா நான் முதல்ல கேட்கிற கேள்வி வேற. ஒரு கமிட்ல என்ன மாறுச்சுன்னு, அதை எழுதாத இன்னொருத்தர் இரண்டு நிமிஷத்துல படிச்சுப் புரிஞ்சுக்க முடியுமா? முடிஞ்சா அந்தக் கையேட்டை நம்பலாம். முடியலைன்னா, அது எவ்வளவு அழகா இருந்தாலும் ஒரு நாள் யாரையாவது கைவிடும்.

கையேட்டைப் பின்பற்றினதுக்காகத் திட்டு

நான் கான்ட்ராக்ட்ல வேலை செய்த ஒரு நிறுவனத்துல நடந்ததைச் சொல்றேன். பெயர் வேண்டாம். கிடங்குகளுக்கான ஆர்டர் மென்பொருள். அதை இயக்குவதற்கான கையேடு முழுக்க ஒரே வேர்ட் ஃபைல். 300 பக்கத்துக்கு மேல, நிறைய ஸ்கிரீன்ஷாட். அந்த ஃபைலும் அதோட பிடிஎஃப் நகலும் கிட்ல இருந்தன. "வெர்ஷன் கன்ட்ரோல்ல இருக்கு" என்று எல்லாருக்கும் நிம்மதி.

ஒரு நாள் இரண்டு பேர் தனித்தனி பிராஞ்ச்ல அந்த ஃபைலைத் திருத்தினாங்க. மெர்ஜ் செய்யும்போது கிட் வழக்கமா பைனரி ஃபைலுக்குச் சொல்வதைச் சொன்னது: இரண்டையும் சேர்க்க என்னால முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடு. யாரோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாங்க. மற்றவர் எழுதியது சத்தமில்லாம போச்சு. போனது ஒரே ஒரு வரி. டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்கும் முன், ஆர்டர்களை வெளியே அனுப்புற வரிசையை நிறுத்தணும் என்ற வரி.

மூன்று வாரம் கழிச்சு ஒரு ராத்திரி டேட்டாபேஸை மீட்க வேண்டி வந்தது. ஆன்-கால்ல இருந்தது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பொண்ணு. கையேட்டைத் திறந்து, ஒவ்வொரு படியாகச் செய்தாங்க. ஏற்கெனவே அனுப்பின ஆர்டர்கள் மறுபடியும் அனுப்பப்பட்டன. காலையில கிடங்குல ஆட்கள் பார்சலைப் பிரிச்சு எண்ணிட்டிருந்தாங்க. அன்றைய மீட்டிங்ல அவங்ககிட்ட கேட்கப்பட்ட முதல் கேள்வி: "கையேட்டைப் பார்க்கலையா?"

பார்த்தாங்க. அதுதான் பிரச்சினையே.

என்ன நடந்தது என்று தேடும் வேலை என்கிட்ட வந்தது. கமிட் வரலாறு முழுக்க "கையேடு புதுப்பிப்பு" என்ற ஒரே வாசகம்தான். கிட் டிஃப் கேட்டால், பைனரி ஃபைல் மாறியிருக்கு என்ற ஒற்றை வரி. கடைசியில பழைய பிரதிகளை ஒவ்வொன்றா இறக்கி, வேர்டுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழிச்சுத்தான் காணாமல் போன வரி கிடைச்சது. அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு மேல இருந்த பழி இறங்குச்சு. கிட் எல்லாத்தையும் பத்திரமா வைத்திருந்தது. ஆனா எதையும் யாராலும் படிக்க முடியாத வடிவத்துல.

கிட்டுக்குள்ள என்ன நடக்குது

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னலுக்காக கிட்டை எழுதினார். அது மனுஷங்க தட்டும் மூல நிரலுக்காகச் செய்யப்பட்ட கருவி. அதாவது வரிவரியான எழுத்து. ஒவ்வொரு கமிட்டும் முழுப் படம் ஒன்றை எடுக்கிற மாதிரி. மாறின ஃபைலின் முழு உள்ளடக்கமும் புதுசா சேமிக்கப்படும். பிறகு பேக் செய்யும்போது, ஒரே மாதிரி இருக்கிற பிரதிகளுக்கு நடுவே வித்தியாசத்தை மட்டும் வைத்து கிட் இடத்தைச் சுருக்கும்.

வெறும் எழுத்துக்கு இது அற்புதமா வேலை செய்யும். ஆனா ஒரு டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பெட்டி. உள்ளே எக்ஸ்எம்எல், படங்கள் எல்லாம் சுருக்கப்பட்டு இருக்கும். நீங்க ஒரு வார்த்தையை மாற்றினா, சுருக்கப்பட்ட அந்த எக்ஸ்எம்எல்லின் பைட்டுகளில் பெரும்பகுதி மாறிடும். கிட்டால அதை வரிவரியா ஒப்பிட முடியாது, இரண்டு பேர் செய்த மாற்றங்களைச் சேர்க்கவும் முடியாது. பிடிஎஃப்பும் இதே கதைதான்.

இன்னொன்று: பெரிய ஃபைலை இன்றைக்கு நீக்கினா ரெப்போ சின்னதாகாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும். புதுசா க்ளோன் செய்யும் ஒவ்வொருத்தரும் அதையும் இறக்குவாங்க. கிட்ஹப் 50 எம்பியைத் தாண்டிய ஃபைலுக்கு எச்சரிக்கை தரும், 100 எம்பியைத் தாண்டினா புஷ்ஷை மறுத்துவிடும். அந்த எல்லையைத் தொடும்போதுதான் பலரும் முதல்முறையா யோசிக்கிறாங்க. அப்போ ரொம்பத் தாமதம்.

முதல் வேலை: மூன்றாகப் பிரிக்கிறது

கையேட்டுக்குள்ள மூன்று வகைப் பொருள் கலந்து கிடக்கும். முதலாவது, மனுஷங்க எழுதின எழுத்து. இரண்டாவது, படங்களும் வீடியோக்களும். மூன்றாவது, இந்த இரண்டிலிருந்து உருவாக்கப்பட்ட பிடிஎஃப், எச்டிஎம்எல் மாதிரியான விளைபொருள்.

எழுத்து கிட்ல இருக்கணும், மார்க்டவுன் அல்லது ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவத்துல. வேர்டிலிருந்து மாற்ற பேன்டாக் என்ற இலவசக் கருவி இருக்கு. அது எழுத்தை மார்க்டவுனாக்கி, படங்களைத் தனி ஃபோல்டர்ல எடுத்தும் தரும். அட்டவணைகளை மட்டும் கையால சரிபார்க்க வேண்டியிருக்கும்.

விளைபொருள் கிட்ல இருக்கவே கூடாது. மாவும் இட்லியும் ஒரே பாத்திரத்துல எதுக்கு? கிட் இக்னோர் ஃபைல்ல பில்ட் ஃபோல்டரைச் சேர்த்துடுங்க. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சிஐ சர்வரே பிடிஎஃப்பை உருவாக்கி, ரிலீஸோட இணைக்கட்டும். படங்களுக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

ஒரு வாக்கியம், ஒரு வரி

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கப் போறீங்கன்னா, இதை எடுத்துக்கோங்க: ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில தொடங்குங்க.

கிட் வரியைத்தான் அலகாகப் பார்க்கும். ஒரு முழுப் பத்தியை ஒரே நீள வரியா எழுதினா, ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமா தெரியும். 80 எழுத்துக்கு ஒரு தடவை வரியை உடைத்தாலும் இதே கதைதான்: முதல் வரியில ஒரு வார்த்தை சேர்த்தா, கீழே உள்ள எல்லா வரியும் நகரும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்றால், மாறின வாக்கியம் மட்டும்தான் டிஃப்ல வரும்.

மார்க்டவுனிலும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டிலும் வெற்று வரி விட்டால்தான் புதுப் பத்தி. அதனால மூலத்துல வரி உடைந்திருந்தாலும், வெளியீட்டுல வழக்கமான பத்தியாகவே வரும். வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அந்த நிறுவனத்துக் கையேடு இப்படி இருந்திருந்தால், அந்த மாற்றம் இப்படித் தெரிந்திருக்கும்:

   புதிய லாகின்களை நிறுத்தவும்.
 − ஆர்டர் அனுப்பும் வரிசையை நிறுத்தவும்.
   கடைசி பேக்கப்பை ஏற்றவும்.

நடுவில ஒரு சிவப்பு வரி. ரிவ்யூ பண்றவர் தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டிருப்பார். அதைவிட முக்கியம், இரண்டு பேரும் வேறு வேறு பக்கத்துல திருத்தியிருந்தால் கிட் தானாகவே இரண்டையும் சேர்த்திருக்கும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியே வந்திருக்காது.

இது புது யோசனையும் இல்லை. பெல் லேப்ஸின் பிரையன் கெர்னிகன் 1974-ல் எழுதின யூனிக்ஸ் தொடக்கநிலைக் கையேட்டுலேயே, ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில தொடங்கச் சொல்லியிருக்கார். கிட் பிறப்பதற்கு 31 வருஷம் முன்னாடி! திருத்துறது சுலபமா இருக்கணும் என்பதுதான் அன்றைக்கும் காரணம்.

எங்கே வெட்டுறது?

மாற்றின உடனே உங்க கையில 300 பக்கத்துக்கு ஒரே மார்க்டவுன் ஃபைல் இருக்கும். அதை அத்தியாயப்படி வெட்டத்தான் முதல்ல தோணும். நான் வேற மாதிரி வெட்டுவேன். வாசகர் எந்தக் கேள்வியோட வருவாரோ, அந்தக் கேள்விக்கு ஒரு ஃபைல். "டேட்டாபேஸை மீட்பது" ஒரு ஃபைல். "புதுக் கிடங்கைச் சேர்ப்பது" இன்னொன்று. ராத்திரி 2 மணிக்குத் தேடுறவர் ஒரு அத்தியாயத்தைத் தேடமாட்டார்.

நடைமுறையில் உதவுற சில பழக்கங்கள்:

ஃபைல் பெயருக்கு முன்னாடி 01, 02 என்று எண் போடாதீங்க. நடுவுல ஒன்றைச் செருகணும்னா மற்ற எல்லாத்துக்கும் பெயர் மாற்ற வேண்டி வரும். வரிசையை ஒரு தனிப் பொருளடக்க ஃபைல்ல வையுங்க. ஸ்ஃபிங்ஸ், எம்டிபுக், எம்கேடாக்ஸ் மூன்றிலும் இதுக்கு வசதி இருக்கு. ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வப் புத்தகம் எம்டிபுக்லதான் உருவாகுது. அதோட முழு வரிசையும் ஒரே சுருக்க ஃபைல்ல இருக்கு.

ஃபைலை நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒரே கமிட்ல செய்யாதீங்க. கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதில்லை. பழையதும் புதியதும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்து ஊகிக்கும். இயல்பான எல்லை 50 சதவீதம். நகர்த்திட்டு பாதியைத் திருத்தினா, அது "ஒன்று அழிந்தது, இன்னொன்று பிறந்தது" என்று காட்டிடும். வரலாறு அங்கேயே அறுந்துபோகும். முதல் கமிட்ல நகர்த்தல் மட்டும், அடுத்ததுல திருத்தம்.

முழுக் கையேட்டையும் வாக்கியத்துக்கு ஒரு வரியா உடைக்கிற அந்தப் பெரிய கமிட்டையும் தனியா வையுங்க. 2019-ல் வந்த கிட் 2.23 முதல், கிட் ப்ளேம் பார்க்கும்போது குறிப்பிட்ட கமிட்டுகளைத் தாண்டச் சொல்லலாம். இல்லைன்னா 300 பக்கத்தையும் எழுதினது நீங்கதான்னு ப்ளேம் சொல்லும். அந்தப் புகழ் உங்களுக்கு வேண்டாம், நம்புங்க.

படங்களை என்ன செய்வது

கட்டமைப்பு வரைபடங்களை முடிந்தவரை எழுத்தாகவே வையுங்க. கிராஃப்விஸ், பிளான்ட்யுஎம்எல், மெர்மெய்ட் எல்லாம் எழுத்திலிருந்து படம் வரையும் கருவிகள். ஒரு அம்புக்குறி மாறினா டிஃப்ல ஒரு வரி மாறும்.

ஸ்கிரீன்ஷாட்டைக் குறையுங்க. பட்டனோட நிறத்தை யாராவது மாற்றினாலே அது பழசாகிடும். பல இடங்கள்ல "அமைப்புகளுக்குள் போய், பயனர்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

தவிர்க்க முடியாத பெரிய பைனரிகளுக்கு கிட் எல்எஃப்எஸ் இருக்கு. கிட்ஹப் 2015-ல் அறிவித்தது. உண்மையான ஃபைல் தனிச் சேமிப்பகத்துக்குப் போகும். ரெப்போவுல அதோட அடையாளத்தையும் அளவையும் சொல்ற ஒரு குட்டி எழுத்து ஃபைல் மட்டும் இருக்கும். க்ளோன் செய்யும்போது இப்போதைக்குத் தேவையான பிரதிகள் மட்டும் இறங்கும். "இதை இப்போ நான் திருத்திட்டிருக்கேன்" என்று பூட்டுப் போடும் வசதியும் உண்டு, சேர்க்க முடியாத ஃபைலுக்கு அது அவசியம்.

ஒரு எச்சரிக்கை. எல்எஃப்எஸ் போட்டதும் பழைய வரலாறு தானா மெலியாது. அதுக்கு வரலாற்றையே திருத்தி எழுதணும், எல்லாரும் புதுசா க்ளோன் செய்யணும். குழு மொத்தமும் தயாரா இருக்கிற ஒரு நாளை முன்கூட்டியே குறிச்சுட்டுத்தான் அதைச் செய்யணும்.

கோடும் கையேடும் ஒரே வீட்டில்

கையேட்டுக்குத் தனி ரெப்போ வேணுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பது என் பதில். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்கள் கோடு இருக்கிற அதே மரத்துல, ஒரு தனி ஃபோல்டர்ல இருக்கு. 2016-ல் அவை ஸ்ஃபிங்ஸுக்கு மாற ஆரம்பித்தன. அந்த ஸ்ஃபிங்ஸ் கருவியே பைத்தான் ஆவணங்களுக்காகப் பிறந்ததுதான்: அதுவரை லேடெக்கில் இருந்த பைத்தான் ஆவணங்கள் 2008-ல் பைத்தான் 2.6-ஓட ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட்டுக்கு மாறின. இன்றைக்கும் அவை பைத்தான் மூல நிரலோட ஒரே ரெப்போவுலதான் இருக்கு.

இதனால இரண்டு லாபம். ஒரு வசதியை மாற்றும் புல் ரெக்வெஸ்ட்லயே கையேட்டு மாற்றமும் வரணும் என்று ரிவ்யூல கேட்கலாம். அடுத்தது, பழைய வெளியீட்டின் பிராஞ்ச்சுக்குப் போனா, அந்த வெளியீட்டுக்கு உரிய கையேடும் அங்கேயே இருக்கும். "இது எந்த வெர்ஷனுக்கான பக்கம்?" என்ற குழப்பமே வராது.

கோட்ஓனர்ஸ் ஃபைலையும் பயன்படுத்துங்க. அதுல ஒரு வரி எழுதினா, மீட்புக் கையேட்டை யார் மாற்றினாலும் டேட்டாபேஸ் குழுகிட்ட தானாகவே ரிவ்யூ கேட்கப்படும்.

தமிழில் எழுதினால்

உங்கள்ல சிலர் தமிழ்ப் பள்ளிக்கோ சங்கத்துக்கோ மென்பொருள் செய்து தர்றீங்க, உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதறீங்க. உங்களுக்காக மூன்று விஷயம்.

ஒன்று, பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கும் ஆவணங்கள். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். "தமிழ்" என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சேமிக்கப்பட்டிருக்கும். டிஃப்லயும் அதுதான் தெரியும். முதல்ல யூனிகோடுக்கு மாற்றுங்க, அப்புறம்தான் கிட்.

இரண்டு, "கொ" என்ற எழுத்து. யூனிகோட்ல இதை ககரத்தோட ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பைட்டுகள் வேற. கிட் பைட்டுகளைத்தான் பார்க்கும். அதனால கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லாத வரி மாறியதாக டிஃப் சொல்லும், தேடினாலும் சில இடங்கள் அகப்படாது. கமிட்டுக்கு முன் எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு சின்ன ஹூக் வைத்தால் தீர்ந்தது.

மூன்று, தமிழ் ஃபைல் பெயர்கள். கிட் ஸ்டேட்டஸ்ல "த" என்ற எழுத்து \340\256\244 என்று வந்தா பயப்படாதீங்க. கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினா தமிழாகவே தெரியும்.

எங்கே தொடங்குறது

300 பக்கத்தையும் ஒரே வாரத்துல மாற்றணும்னு கிளம்பினா பாதியில நின்னுடும். ஒரு பக்கத்தோட தொடங்குங்க. தப்பாகப் பின்பற்றினா அதிக சேதம் தரக்கூடிய பக்கம் எது? பெரும்பாலும் அது மீட்பு, அப்கிரேடு, அல்லது டேட்டா நீக்கம். அதை மட்டும் மார்க்டவுனாக்கி, வாக்கியத்துக்கு ஒரு வரியா உடைத்து, கோடு ரெப்போவுல வையுங்க. பழைய வேர்ட் ஃபைல்ல அந்தப் பகுதியை அழிச்சுட்டு, புது இடத்துக்கான லிங்க்கை மட்டும் விடுங்க. இரண்டு இடத்துலயும் இருந்தா இரண்டும் பழசாகும். அடுத்த வாரம் அடுத்த பக்கம்.

கமிட் செய்தியையும் "கையேடு புதுப்பிப்பு" என்று விடாதீங்க. என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வாக்கியம் எழுதுங்க. என்னை மாதிரி கான்ட்ராக்டர்கள் ஆறு மாசத்துல கிளம்பிடுவோம். ராத்திரி 2 மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கிறவருக்குக் கேள்வி கேட்க யாரும் இருக்கமாட்டாங்க. அந்த வரிகளை நம்பித்தான் அவர் என்டர் பட்டனை அழுத்துவார்.

உங்க வேலையிடத்துல கையேடு எந்த வடிவத்துல இருக்கு? முதல்ல எந்தப் பக்கத்தை மாற்றுவீங்க? இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சிலவற்றைப் பேசுவோம்.